நாற்றம் பூவிலா, மனத்திலா?

ஒரு பொருளைத் தீயதென்று இகழுமுன் அஃது இன்னதென்று அறிதல் வேண்டும். கேட்பதற்கு இஃது எளிய நெறியே. ஆயினும் மக்கள் தம் வாழ்நாளில் மிகக் குறைவாகக் கைக்கொள்ளும் நெறியும் இதுவே. கண் ஒன்றைக் கண்ட அளவில், செவி ஒன்றைக் கேட்ட அளவில் மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. விசாரணையோ பின்னர் நடைபெறுகிறது, அல்லது நடைபெறாமலே ஒழிகிறது. ஐம்புலன்களுள்ளும் இங்ஙனம் விரைந்து தீர்ப்பளிப்பது மூக்கே. அழகற்ற ஒன்றைக்கூட நாம் சற்று நின்று பார்க்கிறோம். புரியாத மொழியைக்கூடச் சிறிது செவிகொடுத்துக் கேட்கிறோம். துர்நாற்றம் எழும் இடத்தில் மட்டும் ஒரு நொடியும் தரியாது முகத்தைத் திருப்பிக்கொண்டு அகல்கிறோம்.

நாற்றம் என்னும் சொல்லே இதற்கொரு சான்று. பண்டைத் தமிழில் நாறுதல் என்பது மணத்தல் என்னும் பொதுப்பொருளில் வழங்கிற்று. முல்லையும் நாறியது, சந்தனமும் நாறியது. புலன்கள் ஐந்தையும் எண்ணிய சான்றோர் மூக்கின் புலனை நாற்றம் என்றே குறித்தனர். இன்றோ ஒரு பூ நாறுகிறதென்று ஒருவர் கூறினால் அதனைத் தூர எறிந்துவிடுவோம். சொல் அதுவே, மூக்கும் அதுவே, இழிவு மட்டும் இடையே வந்து புகுந்தது. அவ்விழிவு எங்கிருந்து வந்தது? முகரப்படும் பொருளிலிருந்தா, முகர்கின்ற மனத்திலிருந்தா? இவ்வினாவை வெறும் சொற்போராகக் கொள்ளாமல், உண்மையான ஒரு செடியை முன்னிறுத்தி ஆராய்வோம்.

கண்ணாடி வீட்டில் ஒரு விருந்தாளி

இங்கிலாந்தில், லண்டன் மாநகரின் மேற்கே, கியூ என்னுமிடத்தில் புகழ்பெற்ற அரச தாவரத் தோட்டம் ஒன்று உளது. குளிர்மிக்க அந்நாட்டில் வெப்ப நாட்டுச் செடிகள் உயிர்வாழ்தல் அரிது. ஆதலின் அவற்றிற்கெனக் கண்ணாடி வீடுகள் அமைத்து, உள்ளே வெம்மையும் ஈரமும் குறையாமல் காத்து வளர்க்கின்றனர். 1889ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அங்கே ஒரு செடி பூத்தது. பூத்ததும் அழுகிய பிணத்தின் நாற்றம் எழுந்தது.

அச்செடியின் பிறப்பிடம் சுமத்திராத் தீவின் மழைக்காடு. ஒடோவார்டோ பெக்காரி என்னும் இத்தாலிய நாட்டுத் தாவர நூலார் 1878இல் அத்தீவின் மேற்குப் பகுதியில் அதனைக் கண்டு, விதைகளை இத்தாலிக்கு அனுப்பினார். அங்கே முளைத்த நாற்றுகளுள் ஒன்று கியூவை அடைந்தது. அமார்போபாலஸ் டைட்டானம் என்பது அதன் நூற்பெயர். சுமத்திரா மக்கள் தம் மொழியில் வழங்கும் பெயருக்குப் பிணப்பூ என்பதே பொருள்.

ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அச்செடி பூவின்றியே இருந்தது. மண்ணுள் ஒரு பெருங்கிழங்கு. அதன்மேல் ஆண்டுதோறும் ஒரே ஓர் இலை. ஒரே இலை என்றால் சிறிதென்று எண்ணற்க. அவ்விலையின் காம்பு சிறு மரத்தின் அடிபோல உயர்ந்து, உச்சியில் குடைபோல விரியும். ஆறு மீட்டர் உயரம் வரை வளரும். அறியாதார் அதனை ஒரு மரமென்றே கொள்வர். பின்னர் அவ்விலை பட்டுப்போகும். கிழங்கு சில திங்கள் உறங்கும். மீண்டும் ஒரு முளை எழும். அம்முளை இலையாகுமா, பூவாகுமா என்பதைத் தோட்டக்காரரும் தொடக்கத்தில் உறுதியாகக் கூற இயலாது. பல ஆண்டுகள் கிழங்கில் சேர்த்துவைத்த வலிமையெல்லாம் திரண்டு, ஒருநாள் மூன்று மீட்டர் உயரம் வரை பூங்கொத்தாக எழுகிறது. அதுவும் ஓரிரு நாளில் வாடிச் சாய்கிறது.

1926இல் கியூவில் மீண்டும் இச்செடி பூத்தபோது, பார்க்க வந்த கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போலீசாரை அழைக்க நேர்ந்தது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னித் தோட்டத்தில் பூத்தபோதும் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் காத்துநின்றனர். எதற்காக? அழுகிய பிணத்தின் நாற்றத்தைத் தாமே முகர்ந்து பார்ப்பதற்காக! இச்செய்தியை நினைவில் கொள்க. பின்னர் இதனிடம் மீண்டும் வருவோம்.

இஃது எச்செடி என்று அறிவது எங்ஙனம்?

பெயர்ப்பலகை இல்லாத ஒரு கண்ணாடி வீட்டினுள் ஒருவர் நுழைகிறார் என்று கொள்வோம். பிணவாடை வீசுகிறது, எங்கோ ஒரு பூ மலர்ந்துள்ளது. அஃது எந்தச் செடியென்று மூக்கை மட்டும் கொண்டு அவர் கூறிவிட இயலுமா? இயலாது. ஏனெனில் அவ்வாடை வீசும் செடிகள் பல. அவற்றுட் சில ஒன்றுக்கொன்று உறவும் அல்ல.

நட்சத்திரம் போல ஐந்து இதழ் விரித்து, மயிர் படர்ந்த தோலைப்போலத் தரையை ஒட்டிக் கிடப்பின் அது தென்னாப்பிரிக்க நாட்டு ஸ்டபீலியாவாக இருக்கலாம். நம் நாட்டு வறண்ட நிலங்களில் வளர்ந்து, துவையலுக்கு உதவும் கள்ளிமுளையான் இதற்குச் சுற்றம். இலையின்றி ஓர் ஆள் உயரத்திற்குக் கருஞ்சிவப்புப் பாளையொன்று நிமிர்ந்து நிற்பின், சீனரும் சப்பானியரும் கிழங்கெடுத்து உணவாக்கும் கொன்யாக்குச் செடியாக இருக்கலாம். இலையும் தண்டும் வேரும் இன்றி, ஒரு மீட்டர் அகலத்தில் செந்நிறப் பூ மட்டும் காட்டில் தரைமேல் கிடப்பின் அது ரப்ளீசியா. வேறொரு காட்டுக்கொடியின் உடலுள் புகுந்து வாழ்வதாதலின் கண்ணாடி வீடுகளில் அதனைக் காண்பது மிக அரிது. அதனையும் பிணப்பூ என்றே பலர் கூறுவதால் இரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவர். ஆயின் ரப்ளீசியா ஒற்றைப் பூ. டைட்டானமோ ஒற்றைப் பூ அன்று. அதன் பெரும்பாளையை விலக்கி உள்ளே நோக்கின், நடுத்தண்டின் அடியில் நூற்றுக்கணக்கான சிறுபூக்கள் நெருங்கி அமைந்திருத்தலைக் காணலாம். கீழே பெண்பூக்கள், மேலே ஆண்பூக்கள்.

ஆகவே, செடியை அறிய விரும்புவார் அதன் இலையை நோக்குகிறார், கிழங்கை நோக்குகிறார், பாளையின் வடிவையும் பூக்களின் அடுக்கையும் நோக்குகிறார், பிறந்த நாட்டையும் பூக்கும் காலத்தையும் உசாவுகிறார். இவையனைத்தும் தெரிந்தபின்னரே பெயர் கூறுகிறார். நாற்றம் அவருக்கு ஓர் அடையாளம், பலவற்றுள் ஒன்று. அதனையே பொருளின் இயல்பு முழுவதும் என்று அவர் கொள்வதில்லை. தாவர நூலார் செடியிடம் காட்டும் இப்பொறுமையை மனிதர் மனிதரிடம் காட்டுவரேல் உலகத் துன்பத்திற் பாதி ஒழியும்.

நாற்றம் எதற்காக?

இப்பூவின் நாற்றத்தை வேதியியலார் பகுத்துப் பார்த்துள்ளனர். அழுகும் ஊனில் தோன்றும் டைமீதைல் டைசல்பைடு, டைமீதைல் டிரைசல்பைடு என்னும் கந்தகக் கூட்டுப்பொருள்கள் அதில் உள. அழுகிய மீனின் வாடையைத் தருவதும், வியர்வை ஊறிய காலுறையின் வாடையைத் தருவதும் உள. இண்டோல் என்னும் பொருளும் அதில் உண்டு. இவ்விண்டோல் மலத்திலும் உளது, மல்லிகையிலும் உளது! நம் பெண்மக்கள் கூந்தலிற் சூடி மகிழும் மல்லிகையின் மணத்தில் அப்பொருளுக்கும் ஒரு பங்குண்டு. முற்கூறிய கந்தகப் பொருள்களோ, வெங்காயமும் முட்டைக்கோசும் வேகும்போது நம் அடுக்களையிலும் எழுவனவே. அளவு மாறினால், உடனிருக்கும் பொருள் மாறினால், ஒன்றே மணமாகிறது; அதுவே துர்நாற்றமும் ஆகிறது.

இனி, இந்நாற்றம் யாரை அழைக்கிறது? நம்மை அன்று. ஊன் தேடித் திரியும் ஈக்களையும் வண்டுகளையும் அழைக்கிறது. மாலையில் பாளை விரிகிறது. இரவில் நடுத்தண்டு மனித உடலின் அளவிற்குச் சூடேறுகிறது. அச்சூட்டினால் நாற்றம் மேலெழுந்து நெடுந்தொலைவு பரவுகிறது. முதல் இரவில் பெண்பூக்கள் மகரந்தத்தை ஏற்கும் நிலையில் உள்ளன. வேறொரு பூவிலிருந்து மகரந்தத்தைச் சுமந்துவரும் வண்டு அதனை இங்கே சேர்க்கிறது. ஆண்பூக்கள் அதற்குப் பின்னரே மகரந்தத்தை உதிர்க்கின்றன; ஆதலின் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. இச்செயல் முடிந்தபின் நாற்றமும் அடங்கிவிடுகிறது. காய்கள் செங்கனிகளாகப் பழுக்க, இருவாட்சிப் பறவைகள் அவற்றை உண்டு விதைகளைக் காடெங்கும் தூவுகின்றன. நாம் அருவருக்கும் ஒன்று ஓருயிரின் அழைப்பாகவும் மற்றோருயிரின் பிறப்பிற்கு வாயிலாகவும் அமைந்திருத்தலை ஈண்டுக் காண்க.

காடுகள் அழிக்கப்படுவதால் இச்செடி இன்று அருகிவிட்டது. 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் இதனை அழிவை எதிர்நோக்கும் இனங்களுட் சேர்த்தனர். காட்டில் எஞ்சியிருப்பன 1,000க்கும் குறைவென மதிப்பிடப்பட்டது.

இதற்கு நெருங்கிய சுற்றமொன்று நம் வீட்டுக் கொல்லையிலேயே உண்டு. அதுதான் சேனை; சில ஊரார் கருணைக்கிழங்கு என்பதும் இதனையே. கோடைமழை பெய்தபின், இலை தோன்றுமுன், சேனை பூக்கும். குட்டையாய், அகன்று, கருஞ்சிவப்பாய், நடுவே சுருங்கிய உருண்டையொன்றைத் தாங்கி நிற்கும் அப்பூவின் நாற்றமும் அழுகிய ஊனின் நாற்றமே. எலி செத்துக் கிடக்கிறதோ என்று வீட்டார் மூலைமுடுக்கெல்லாம் தேடுவர். அதிசயப் பூவென்று செய்தித்தாளிற் படமும் வெளிவரும். ஆயின் அதே செடியின் கிழங்கைப் புளியிட்டு வேகவைத்து, நாவின் அரிப்பு நீக்கி, விருந்திலும் படைத்து உண்கிறோம். பூ நாறியது என்பதற்காகக் கிழங்கை எவரும் தள்ளிவைத்ததில்லை.

மூன்று விடைகள்

இனி வினாவிற்கு வருவோம். நாற்றத்தின் இழிவு எங்கே உளது?

பொருளிலேயே உளது என்பார் ஒரு சாரார். அங்ஙனமாயின், முகரும் உயிர்களுக்கெல்லாம் அஃது இழிவாகவே தோன்றுதல் வேண்டும். ஆனால் நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அதே பூவை நோக்கி வண்டு விருந்திற்குச் செல்வதுபோல் விரைகிறது. ஆகவே அவ்விடை பொருந்தாது.

எல்லாம் மனத்திலேயே உளது, நாற்றமென ஒன்று இல்லை என்பார் மற்றொரு சாரார். இதுவும் பொருந்தாது. கந்தகக் கூட்டுப்பொருள் பூவிலிருந்து புறப்பட்டுக் காற்றில் கலந்து நம் மூக்கை அடைகிறது. அதனை அளந்தும் காட்டலாம். மனம் தூயதாயினும் மூக்குடையார்க்கு அவ்வாடை தோன்றியே தீரும். வாடையை வாடையன்று என்று சாதிப்பது ஞானமாகாது.

மூன்றாவது விடை நம் தம்மத்தின் வழியே கிடைப்பது. மணிமேகலையில் பன்னிரு சார்புகளைச் சாத்தனார் தமிழில் அடுக்குமிடத்து, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை எனச் சில பெயர்கள் வருகின்றன. மூக்கு வாயில், காற்றில் வந்த பொருள் அதன் புலன், இரண்டும் உணர்வொடு கூடுதல் ஊறு, அதனால் எழும் இன்பமோ துன்பமோ நுகர்வு. இதுவரை குற்றமில்லை. அரகந்தர்க்கும் இது நிகழும். மச்சிம நிகாயத்து மதுபிண்டிக சுத்தம் இதற்கு மேலும் ஒரு படியைக் காட்டுகிறது. நுகர்ந்ததை மனம் குறித்துக்கொள்கிறது, குறித்ததை எண்ணுகிறது, எண்ணியதைப் பலவாறாக விரித்துக்கொண்டே செல்கிறது, ஈற்றில் அவ்விரிவே மனிதனைச் சூழ்ந்து அமுக்குகிறது. நாற்றம் ஊற்றில் பிறக்கிறது. இழிவோ விரிவிற் பிறக்கிறது. முன்னது இயற்கை, பின்னது நம் கைவேலை.

இப்பூவிற்கு வரும் ஈயும் வண்டும் பிழைபடும் இடமும் இதுவே. நாற்றம் உண்மை, அதனை அவை சரியாகவே உணர்கின்றன. ஆனால் இங்கே பிணம் உளது என்று கொண்டனவே, அது பொய். ஸ்டபீலியாப் பூவில் ஈக்கள் தம் குஞ்சுகளுக்கு ஊன் உண்டென நம்பி முட்டையிட்டுச் செல்கின்றன. பொரித்த புழுக்களோ உண்ண ஏதுமின்றி மடிகின்றன. அடையாளத்தைப் பொருளாகக் கொண்டதன் விளைவு அது.

நீரால் நீங்காத அழுக்கு

ஈயின் பிழைக்கு ஒரு சமாதானமாவது உண்டு. அதற்கு நாற்றமாவது உண்மையில் கிடைத்தது. மனிதன் மனிதனைத் தீட்டென்று கூறியபோது அத்துணைச் சான்றுகூட அவனிடம் இல்லை.

எண்ணிப் பார்ப்போம். உண்மையான அழுக்கு நீரால் நீங்கும். உண்மையான நாற்றம் காற்றில் கரையும். சேற்றில் இறங்கியவன் குளித்தெழுந்தால் சேறு போயிற்று. ஆனால் தீட்டு என்று வழங்கப்பட்டதோ, குளித்தவன்மேலும் இருந்தது. வெளுத்த ஆடை உடுத்தவன்மேலும் இருந்தது. எந்தக் கழிவையும் தொட்டறியாத கல்விமான்மேலும், அன்று பிறந்த குழவிமேலும் இருந்தது. நீரால் நீங்காத அழுக்கு மூக்கிற்குரிய அழுக்கன்று. அது கூறுவாரின் நாவிற் பிறந்து கேட்பாரின் மனத்தில் வாழும் வெறும் பெயர். இந்த ஒரு சோதனை போதும், நாற்றத்தையும் இழிவையும் வேறுபிரித்துக் காண்பதற்கு.

இனி, முன்னர் நினைவிற் கொள்ளக் கூறிய செய்தியை எடுத்துக்கொள்வோம். பிணவாடை பூவிலிருந்து வருமாயின் மக்கள் வரிசையில் நின்று, மணிக்கணக்கில் காத்திருந்து, வியந்து முகர்கின்றனர். ஏன்? அப்பூ பிணமன்று என்பது அவர்களுக்குத் தெரியும். வாடை நாளை போய்விடும் என்பதும் தெரியும். அறிவு முன்னே நிற்றலால் அருவருப்பு வியப்பாக மாறிவிட்டது. அதே வாடை, சாக்கடைக் குழியிலிருந்து மேலேறி வரும் ஒரு தொழிலாளியின் ஆடையிலிருந்து வருமாயின், தெருவிலுள்ளோர் முகஞ்சுளித்து விலகுகின்றனர். அவ்வாடை அவனுடையதன்று, அவர்களுடைய வீடுகளிலிருந்து வந்த கழிவின் வாடை அது. அவனும் குளித்தால் அது நீங்கும். பூவிடத்து வந்துதவிய அறிவு மனிதனிடத்து ஏன் வந்துதவவில்லை?

குழியினுள் எழும் நச்சுவாயுவும் ஒரு கந்தகக் கூட்டுப்பொருளே. ஐட்ரஜன் சல்பைடு என்பது அதன் பெயர். சிறிய அளவில் அஃது அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தால் முகரும் ஆற்றலையே மழுங்கச் செய்து, நாற்றமே இல்லாததுபோலத் தோற்றி, பின்னர் ஆளைக் கொல்லும். நாற்றம் எச்சரிக்கை, அதனைக் கேட்டு மனிதனைக் காப்பாற்றுவதே அறிவு. மலம் அள்ளும் தொழிலில் மனிதரை அமர்த்தலாகாதெனச் சட்டம் 1993இல் இயற்றப்பட்டது. 2013இல் மேலும் விரிவான சட்டம் வந்தது. 2023 அக்டோபரில், குழியில் மடிந்தோர் குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. சட்டங்கள் வந்தபின்னரும் சாவுகள் ஓயவில்லை. குழியில் இறங்குவோனை நாற்றமாகவே கண்டு பழகிய சமுதாயம், அவனை மூச்சுடைய மனிதனாகக் காண மறந்தமையே அதற்கு அடிப்படை என்பேன்.

ஓர் ஐயமும் விடையும்

ஆயின் தூய்மை என்பதே வேண்டா என்கின்றீரோ என ஒருவர் வினவலாம். அங்ஙனமன்று. பகவன் புத்தர் காட்டிய வழியை நோக்குக.

வினயத்து மகாவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. வயிற்றுப்போக்கு நோயுற்ற ஒரு பிக்கு, தம் மலசலத்திலேயே வீழ்ந்து கிடந்தார். அவரால் தமக்குப் பயனொன்றும் இல்லையென்று மற்றப் பிக்குகள் அவரைக் கவனியாது விட்டனர். பகவனும் ஆனந்தரும் அவ்வழியே வந்தனர். பகவன் அந்நாற்றத்தை நறுமணமென்று கூறவில்லை. அந்நோயாளியை இழிந்தவரென்றும் கூறவில்லை. ஆனந்தரை நீர் கொணரச் செய்தார். தாமே நீரை ஊற்ற, ஆனந்தர் கழுவினார். பின்னர் இருவரும் அவரைத் தலையிலும் காலிலும் பற்றித் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். அதன் பிறகே சங்கத்தாரைக் கூட்டி, நோயுற்றாரைப் பேணுதல் தம்மைப் பேணுதற்கு ஒப்பாகும் என்னும் கருத்தை அறிவுறுத்தினார்.

நாற்றம் இருந்தது, ஆகவே நீர் தேவைப்பட்டது. இழிவு இல்லை, ஆகவே விலகல் தேவைப்படவில்லை. நீர் ஊற்ற வேண்டிய இடத்தில் பெயர் சூட்டிவிட்டு அகல்வது தூய்மையன்று; அது தூய்மையை வேண்டாதார் செயல். தெருவைத் தூய்மையாக வைத்தலும், கழிவை இயந்திரத்தால் அகற்றுதலும், உழைப்பாளிக்குக் காப்பு வழங்குதலும் தூய்மை.

சுனீதர் என்னும் தேரரின் வரலாறும் ஈண்டுக் கருதத்தக்கது. வாடி உதிர்ந்த பூக்களைக் கூட்டி அள்ளும் தொழில் புரிந்தவர் அவர் என்று தேரகாதை கூறுகிறது. காலையில் சூடிய மாலை மாலையில் குப்பையாகிறது. சூடியவர் உயர்ந்தோராம், அதனைக் கூட்டியவர் தாழ்ந்தோராம்! அவரைப் பகவன் பிக்குவே வருக என்று அழைத்தார். அவர் கையில் எது இருந்தது என்று நோக்காமல், அவர் எதற்குரியவர் என்று நோக்கிய அழைப்பு அது.

எது உண்மையான நாற்றம்?

சுத்த நிபாதத்தில் ஆமகந்த சுத்தம் என்றொரு பகுதி உளது. ஆமகந்தம் என்பது பச்சை ஊனின் வாடை, அதாவது புலால் நாற்றம். உணவைக்கொண்டு ஒருவரை நாற்றமுடையார் என்று கூறலாமோ என்பதே அங்கு எழும் வழக்கு. அதற்கு வரும் விடை நம் வினாவிற்கும் விடையாகிறது. உண்ட உணவினால் ஒருவன் நாறுவதில்லை. கொலை, களவு, பொய், வஞ்சனை, கொடுமை, புறங்கூறல், நண்பர்க்கு இரண்டகம், செருக்கு, ஈயாமை, சினம் ஆகியவையே நாற்றம் என்பது அதன் சாரம். உடலைப் பற்றிய நாற்றம் உடலோடு நீங்கும். நடத்தையைப் பற்றிய நாற்றமோ, அந்நடத்தை மாறினாலன்றி எந்த ஆற்றில் மூழ்கினும் நீங்காது. ஒருவரை நாற்றமுடையாரென்று இகழும் செருக்கும் அப்பட்டியலுள் அடங்கியிருப்பதை நோக்குக. இகழ்பவனே அங்கு நாறுகிறான்.

அசுப பாவனையும் இக்கருத்தினதே. சுடுகாட்டுப் பிணத்தை எண்ணுமாறு பிக்குகளுக்குக் கற்பிக்கப்பட்டது, தம் உடலும் அத்தன்மையதே என்று உணர்வதற்காக. பிறர் உடலை வெறுப்பதற்காக அன்று. அருவருப்பு தன்னை நோக்கித் திரும்பின் செருக்கு அடங்கும். பிறரை நோக்கித் திரும்பின் செருக்கு வளரும். கருவி ஒன்றே, பிடிக்கும் பக்கம் வேறு.

உபாசக உபாசிகைகளாகிய நாம் இதிலிருந்து இரண்டு கடமைகளைப் பெறுகிறோம்.

முதலாவது, நம்மேல் சூட்டப்பட்ட பெயரை நாமே நம்பாதிருத்தல். பள்ளியில் எவரோ மூக்கைப் பொத்திக் காட்டியதனால், வீட்டிற்கு வந்து தன் துவைத்த சட்டையைத் தானே முகர்ந்து பார்க்கும் சிறுவனை நம் தெருக்களில் இன்றும் காணலாம். சட்டையில் நாற்றம் இல்லை. ஆயினும் அவன் மீண்டும் மீண்டும் முகர்கிறான். அவனுக்குச் சோப்பு தேவையன்று. நீரால் நீங்காத அழுக்கு அழுக்கே அன்று என்னும் அறிவு தேவை. அதனைப் பெற்றோர் தெளிவான சொல்லால் எடுத்துரைத்தல் வேண்டும். தன்னம்பிக்கை கொள்வாயாக என்று பொதுப்படக் கூறினால் போதாது. நாற்றம் எது, பெயர் எது என்று பிரித்துக் காட்டுதல் வேண்டும்.

இரண்டாவது, பெற்ற துன்பத்தைப் பிறர்க்கு வழங்காதிருத்தல். கல்வியாலும் பதவியாலும் வேறு தெருவிற்குக் குடியேறிய ஒருவர், தாம் பிறந்த தெருவைக் கடக்கும்போது கைக்குட்டையை எடுத்தல் உண்டு. அங்கே சாக்கடை தேங்கி நாறுவது உண்மையாயின், நகராட்சிக்கு மனு எழுதுக. பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு சென்று முறையிடுக. அந்நாற்றத்தை அங்கு வாழ்வோரின் இயல்பென்று கருதுவரேல், அவர் விட்டுவந்த சாதியைத் தம் மூக்கில் சுமந்து வந்தவரே ஆவர். குப்பை வண்டியோடு வருவோர்க்கு வீட்டில் அருந்தும் குவளையிலேயே தண்ணீர் கொடுக்கின்றோமா என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டில் நோக்கிக்கொள்க. பஞ்சசீலத்தை நாள்தோறும் ஓதுகின்ற இல்லத்தில் இதுவும் ஒரு சோதனை.

அங்குத்தர நிகாயம் ஒரு பயிற்சியைக் கூறுகிறது. அருவருப்பானதில் அருவருப்பின்மையையும், அருவருப்பற்றதில் அருவருப்பையும், இரண்டையும் விட்டு நடுநிலையையும் வேண்டும்போது காணவல்லவனாக மனத்தைப் பழக்குதல் அது. பெரிய தவமென்று அஞ்ச வேண்டுவதில்லை. அடுத்தமுறை ஒரு துர்நாற்றம் நம் மூக்கை அடையும்போது, முகம் திரும்புமுன் ஒரு மூச்சளவு நிற்போமாக. இது வாடை, இது எதிலிருந்து வருகிறது, இதனை நீக்க என்ன செய்தல் வேண்டும், இதனிடையே நின்று உழைப்பவர் யார், அவர்க்கு நாம் செய்யக்கூடியது யாது என்று வரிசையாக எண்ணிப் பழகுவோமாக. நம் பிள்ளைகளையும் அவ்வாறே பழக்குவோமாக.